கயோட்டியைச் சுட்டாலும் தொல்லை ஏன் தீருவதில்லை?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு மேற்கே, ஆறு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோன முதல் வாரம். ராத்திரி பத்தரை மணி இருக்கும். ஓடைப் பக்கமிருந்து, நரிக்கும் ஓநாய்க்கும் பங்காளியான கயோட்டிகளின் ஊளை கிளம்பியது. ஒன்று நீளமாக இழுக்க, இன்னொன்று இடையில் புகுந்து குரைக்க, நடுநடுவே கீச்சுக் குரல்கள் வேறு. என் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு, "குறைஞ்சது பத்து இருக்கும்" என்றாள். மறுநாள் காலையில் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேட்டேன். "ரெண்டுதான், பயப்படாதே" என்றார். அதே மூச்சில், "ஆடு வாங்கப் போறியா? அப்ப முதல்ல அந்த ரெண்டையும் சுட்டுடு" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி ஏன் தப்பு என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

கயோட்டித் தொல்லை என்றாலே பேச்சு இரண்டு பக்கமாகத்தான் ஓடும். ஒரு பக்கம், "கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளு". இன்னொரு பக்கம், "பாவம், வாயில்லா ஜீவன், விட்டுவிடு". அந்த விலங்கு நிலத்தை எப்படிப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்கிறது என்பதை இரண்டு தரப்பும் கேட்பதில்லை. தொல்லை வருவதும் தீருவதும் அதில்தான் இருக்கிறது.

## கயோட்டி என்பது எது?

நம் ஊர்க் காட்டோரத்து நரியைப் பார்த்தவர்களுக்குக் கயோட்டியைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. நரி, ஓநாய், நாய், கயோட்டி எல்லாம் பங்காளிகள். பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ எடை இருக்கும். ஒல்லியான தெருநாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு அமெரிக்காவில் மட்டும் ஓநாய் ரத்தம் கலந்ததால் உடம்பு சற்றுப் பெரிது. கயோட்டி என்ற பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது. 1823-இல் தாமஸ் சே என்ற இயற்கையியலாளர் இதற்கு வைத்த அறிவியல் பெயரின் பொருள், குரைக்கும் நாய்.

இரண்டு மிருகம் பத்து மாதிரி கேட்டதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி சுருதியை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் மரத்திலும் மேட்டிலும் பட்டுத் திரும்பி வரும்போது கேட்கிறவருக்குக் கணக்கு தப்பிவிடுகிறது. "எங்க பக்கம் கூட்டம் கூட்டமா திரியுது" என்று சொல்பவர்களில் பலர் காதால் எண்ணியவர்கள்.

ஒரு காலத்தில் இது வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைவனங்களிலும் இருந்த விலங்கு. இன்று ஹவாய் தவிர எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இருக்கிறது, தெற்கே பனாமா வரை போய்விட்டது. பெரும்பாலான இடங்களில் ஓநாயைச் சுட்டும் விஷம் வைத்தும் மனிதர்கள் ஒழித்தார்கள். பெரியவன் போன வீட்டுக்குள் சின்னவன் நுழைந்துவிட்டான். அதே துப்பாக்கியும் அதே விஷமும் கயோட்டி மேலும் பாய்ந்தன என்பதுதான் வேடிக்கை. ஓநாய் அழிந்தது, கயோட்டி பரவியது.

## தெருநாய்க் கணக்கு

ஏன் அப்படி? இதற்கு நம் தெருவையே பார்க்கலாம். பிள்ளையார் கோயில் முனையில் இரண்டு நாய், டீக்கடை வாசலில் மூன்று. அடுத்த தெரு நாய் எல்லை தாண்டினால் அத்தனையும் சேர்ந்து துரத்தும். ஒருநாள் வண்டி வந்து டீக்கடை நாய்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. பத்து நாள் தெரு அமைதியாக இருக்கும். அப்புறம் யாருக்கும் தெரியாத புது நாய்கள் அங்கே படுத்திருக்கும். அவற்றுக்குத் தெருக்காரர்களையும் தெரியாது, எந்த வீட்டுக் கல் பறந்து வரும் என்பதும் தெரியாது. முன்பைவிட அதிகமாகக் குரைக்கும், கடிக்கவும் வரும். பிடித்துக் கொல்வதை விட்டுவிட்டு, கருத்தடை செய்து அதே தெருவில் திரும்ப விடும் முறைக்குச் சென்னை மாநகராட்சி 1996-இல் மாறியதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

கயோட்டியும் இப்படித்தான். ஓர் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஒரு நிலப்பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. மூத்திரத்தாலும் ஊளையாலும் வரம்பு கட்டுகின்றன, அந்நியக் கயோட்டியை உள்ளே விடுவதில்லை. இந்தப் பரப்பை ஆட்சி எல்லை என்போம். நீங்கள் பத்திரப் பதிவு செய்த ஆறு ஏக்கர், அவற்றின் கணக்கில் ஓர் ஆட்சி எல்லையின் சின்ன மூலை.

எல்லாக் கயோட்டிக்கும் இப்படி ஒரு இடம் கிடைப்பதில்லை. தாயை விட்டுப் பிரிந்த இளசுகளும் ஜோடி இழந்தவையும் எல்லைகளின் ஓரமாகவே அலைகின்றன. இவை நாடோடிகள். ஜன்னல் சீட்டுக்குக் கர்ச்சீப்போடு காத்திருக்கும் பயணி மாதிரி, எங்கே இடம் காலியாகும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஓடைப்பக்க ஜோடியைச் சுட்டால் நீங்கள் செய்வது ஒரு சீட்டைக் காலி செய்து கொடுப்பதுதான்.

## எத்தனை கொன்றால் குறையும்?

கயோட்டி வருஷத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடும். குளிர்காலக் கடைசியில் இணைசேர்ந்து, சுமார் 63 நாள் சுமந்து, சித்திரை வாக்கில் ஈனும். ஒரு ஈற்றுக்குச் சராசரியாக ஆறு குட்டி. சாதாரண காலத்தில் இவற்றில் பல பிழைப்பதில்லை, காரணம் இரைக்குப் போட்டி. பெரியவற்றில் பாதியைக் கொன்றுவிட்டால் மீதிக்கு முயலும் எலியும் தாராளம். பிழைக்கும் குட்டிகள் கூடும். முன்பு தாய்க்கு அடங்கிச் சும்மா இருந்த இளம் பெட்டைகளும் குட்டி போடத் தொடங்கலாம். இழப்பைப் பிறப்பும் பிழைப்பும் நிரப்புவதால் இதற்கு ஈடுகட்டல் என்று பெயர். இதில் எந்தப் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. நாடோடிகள் வந்து இடத்தை நிரப்புவதில் யாருக்கும் சந்தேகமில்லை.

1975-இல் கலிபோர்னியாவில் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் இதைக் கணக்குப்போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றுகொண்டே இருந்தாலும் முழுதாக ஒழிய ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று விடை வந்தது. காகிதக் கணக்குதான். ஆனால் நடப்பும் அதற்கு எதிராக இல்லை. அமெரிக்க விவசாயத் துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு 2021-இல் மட்டும் 64,000-க்கு மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றது. அடுத்த வருஷம் வேலையில்லாமல் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இதுவரை பார்த்ததைக் கோத்துச் சொன்னால்: நிலம் ஜோடிகளிடம் இருக்கிறது, ஓரத்தில் நாடோடிகள் காத்திருக்கின்றன, கொன்றால் இடம் காலியாகிறது, காலியான இடம் நிரம்பிவிடுகிறது. வருகிற புது ஜோடி ஆட்டைத் தொடாத ஜோடியாக இருக்குமா என்பது நம் கையில் இல்லை.

## எல்லாக் கயோட்டியும் ஆடு தின்பதில்லை

பலருக்கும் நம்பிக்கை வராத பகுதி இது. கயோட்டியின் அன்றாடச் சாப்பாடு எலி, முயல், வெட்டுக்கிளி, உதிர்ந்த பழம், செத்த மாடு, கிடைத்தால் மான்குட்டி. டெக்சாஸில் தர்பூசணி போட்டவர்களைக் கேளுங்கள், பழுத்ததாகப் பார்த்துக் கடிக்கும் அதன் சாமர்த்தியத்தைத் திட்டிக்கொண்டே பாராட்டுவார்கள்.

வடக்குக் கலிபோர்னியாவில் ஹாப்லண்ட் என்ற ஊரில் பல்கலைக்கழக ஆட்டுப் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஆட்டுக்குட்டிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த மேய்ச்சல் நிலம் யாருடைய ஆட்சி எல்லைக்குள் வந்ததோ அந்த இனப்பெருக்க ஜோடிகள். கண்டபடி கொன்றபோது ஆட்டு இழப்பு குறையவில்லை. குறிப்பிட்ட ஜோடியை எடுத்தபோது குறைந்தது, அதுவும் இன்னொரு ஜோடி வந்து உட்காரும் வரை, சில மாதங்களுக்கு.

ஏன் ஜோடிகள்? வீட்டில் குழந்தைகள் இருந்தால் மளிகை பில் கூடுகிற மாதிரிதான். ஆறு குட்டிக்கு எலி எலியாகப் பிடித்துக் கட்டுப்படியாகாது. ஒரு ஆட்டுக்குட்டி கிடைத்தால் ஒரு நாள் பாடு முடிந்தது. யூட்டாவில் சில ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து விட்டுப் பார்த்தார்கள். அவை தங்கள் இடத்தைத் தொடர்ந்து காத்தன, அடித்த ஆடுகளோ குறைந்தன. குட்டி இல்லை, பசியும் அந்த அளவுக்கு இல்லை.

இதிலிருந்து ஒரு தலைகீழ் முடிவு வருகிறது. ஆட்டைத் தொடாத ஒரு ஜோடி உங்கள் ஓடையோரம் குடியிருந்தால் அதுவே ஒரு வேலி. தெரியாத கயோட்டியை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது, கூலியும் கேட்பதில்லை. அதைச் சுடுவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை.

## குற்றவாளி யார் என்று முதலில் பாருங்கள்

எங்கள் முதல் ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தபோது நானும் "கயோட்டி" என்றுதான் கத்தினேன். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒன்றும் பேசாமல் பேனாக் கத்தியை எடுத்து, கழுத்துத் தோலைக் கொஞ்சம் உரித்துக் காட்டினார். உள்ளே சுத்தமாக, வெளிறிப்போய் இருந்தது. உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக இருக்கும். செத்த பிறகு கடித்தால் கட்ட ரத்தம் ஓடாது. அந்தக் குட்டி ராத்திரிக் குளிரில் செத்திருக்கிறது, விடியற்காலையில் ஏதோ வந்து தின்றிருக்கிறது. துப்பாக்கியைப் பற்றி அவரிடம் எனக்கு ஒத்துப்போகாவிட்டாலும், இந்த ஒரு பாடத்துக்கு அவருக்கு நான் கடன்பட்டவன்.

கயோட்டி கொன்றிருந்தால் கடி பெரும்பாலும் தொண்டையில், தாடைக்குச் சற்றுக் கீழே இருக்கும். கோரைப்பல் ஓட்டைகளுக்கு இடையே சுமார் 3 செ.மீ. ஊர் சுற்றும் வீட்டு நாய் செய்தால் பின்னங்கால், விலா, காது என்று கண்ட இடமெல்லாம் கிழிந்திருக்கும். ஐந்தாறு ஆடு காயப்பட்டிருக்கும், தின்றது கொஞ்சமாக இருக்கும். காலடியையும் பாருங்கள். நாயின் தடம் அகன்று, விரல்கள் விரிந்து, இங்கும் அங்கும் அலையும். கயோட்டியின் தடம் நீள்வட்டமாக, ஒடுக்கமாக, நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போகும்.

## விஷமும் பொறியும் ஆளைப் பார்ப்பதில்லை

கயோட்டிக்கு வைத்தது கயோட்டிக்கு மட்டும் போகாது. கால் கவ்வும் பொறியில் காட்டுப்பூனை, ரக்கூன், வளைக்கரடி, பக்கத்து வீட்டு நாய் எதுவும் மாட்டலாம். இப்படித் தப்பாக மாட்டுபவற்றை இலக்கல்லாத விலங்குகள் என்பார்கள். விஷம் இன்னும் மோசம். செத்ததைத் தின்ற கழுகும் சாகும்.

இந்தக் காரணங்களால்தான் 1972-இல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் வேட்டையாடும் விலங்குகளுக்கு விஷம் வைப்பதைத் தடை செய்தார். ஆனால் எம்-44 என்ற கருவி சில வருஷத்தில் திரும்பி வந்தது. தரையில் பதித்த குழாய், மேலே வாசனை தடவிய முனை. கவ்வி இழுத்தால் சயனைடு தூளை வாய்க்குள் பீய்ச்சும். 2017 மார்ச்சில் ஐடஹோவின் பொக்கடெல்லோ அருகே, வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில் நடந்துகொண்டிருந்த 14 வயதுப் பையன் அதைத் தண்ணீர்க் குழாய் முனை என்று நினைத்துத் தொட்டுவிட்டான். பையன் பிழைத்தான். கூடப் போன அவனுடைய நாய் அவன் கண்ணெதிரே செத்தது.

எலி விஷத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். விஷம் தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும், ஆந்தைக்கும் கயோட்டிக்கும் அது சுலபமான இரை. எலியைப் பிடிப்பவற்றைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வைப்பது என்ன கணக்கோ!

கயோட்டி இல்லாமல் போவதாலும் மற்ற உயிர்களுக்குக் கேடு வரும். கலிபோர்னியாவின் சான் டியாகோ பள்ளத்தாக்குகளில் க்ரூக்ஸ், சூலே என்ற இருவர் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கயோட்டி இருந்த இடங்களில் பூனை நடமாட்டம் குறைவாகவும் புதர்ப் பறவை இனங்கள் அதிகமாகவும் இருந்தன.

## அப்போ என்னதான் செய்வது?

ஒரே யோசனைதான். ஓடைப்பக்க ஜோடி இருக்கட்டும். ஆனால் ஆட்டை இரையாக நினைக்க அதற்கு ஒரு வாய்ப்பும் தரக்கூடாது.

முதலில் ருசி காட்டாமல் இருப்பது. செத்த ஆட்டையும் குட்டி போட்டபின் விழும் நஞ்சுக்கொடியையும் புதரில் வீசுவது பழக்கம். அதுதான் கயோட்டிக்கு நாம் வைக்கும் விருந்து அழைப்பு. ஆழமாகப் புதையுங்கள், அல்லது மரத்தூளில் மூடி மட்க விடுங்கள். நாய்ச் சோறு, பூனைச் சோறு, உதிர்ந்த பழம் எதுவும் ராத்திரி வெளியே கிடக்க வேண்டாம்.

இரண்டாவது, ராத்திரிப் பட்டி. கீதாரிகள் கிடை போட்டுக் காவல் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் அடைப்பு, விடிந்து வெயில் வந்தபின் திறப்பு. ஈற்றுக் காலத்தில் தாயும் குட்டியும் கூரைக்குக் கீழே. கோழிக்கூண்டுக்குக் கடையில் 'சிக்கன் வயர்' என்று விற்கும் அறுகோணக் கம்பி கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை வேண்டும்.

மூன்றாவது, வேலி. கயோட்டி தாண்டும் என்று எல்லாரும் உயரத்தைப் பார்ப்பார்கள், அதுவோ முதலில் கீழே நுழைய வழி தேடும். ஐந்தரை அடி உயரக் கம்பிவலை போட்டு, அடியில் ஒன்றேகால் அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு பதித்துவிடுங்கள். தோண்டும் கால் வலையில் இடிக்கும். வேலிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, ஒரு சாண் உயரத்தில் ஒற்றை மின்கம்பி இழுத்தால் இன்னும் நல்லது.

மின்வேலி என்றதும் நம் ஊர் ஆட்களுக்கு யானை செத்த செய்திதான் ஞாபகம் வரும். அது வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடும் கொலைவேலி. இங்கே சொல்வது வேறு. துடிப்புக் கருவி என்ற பெட்டி, நொடிக்கு ஒரு முறை போல, கண்ணிமைப்பதற்கும் குறைவான நேரம் மட்டும் மின்னழுத்தத்தை அனுப்பும். சுள்ளென்று வலிக்கும், அடுத்த நொடிக்குள் விலகிவிடலாம். மூக்கில் ஒருமுறை வாங்கிய கயோட்டி அந்தப் பக்கம் யோசித்துத்தான் வரும்.

விளக்கு, சைரன், கயிற்றில் கட்டிய சிவப்புத் துணிக்கொடிகள் எல்லாம் கொஞ்ச நாளுக்கு வேலை செய்யும். பிறகு, "இது சும்மா" என்று அதற்குத் தெரிந்துவிடும். இந்தப் பழகிப்போதல் கயோட்டியிடம் வேகமாக நடக்கும். குட்டி ஈனும் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வையுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். வருஷம் முழுக்க வைத்தால் கயோட்டிக்கு அது சீரியல் விளக்கு.

பகலில் நேரில் வந்து நின்றால் ஓடாதீர்கள். கையைத் தூக்கி, சத்தம் போட்டு, தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கி, அது போகும்வரை விரட்டுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. சித்திரையிலிருந்து ஆடி வரை ஒரு கயோட்டி ஓடாமல் கொஞ்சம் தள்ளிக் கூடவே நடந்து வந்தால், பக்கத்தில் அதன் பொந்தும் குட்டிகளும் இருக்கின்றன என்று அர்த்தம். அங்கே வீரம் காட்டாமல் வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

## காவலுக்கு யார்?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ராஜபாளையம், கோம்பை மாதிரி நாய்கள் விரட்டிப் பிடிப்பவை. மந்தைக் காவல் நாய் வேறு ஜாதி. கிரேட் பிரனீஸ், அனட்டோலியன் போன்றவை எட்டு வாரக் குட்டியாக ஆட்டோடு ஆடாக வளர்ந்து, ஆட்டைத் தன் வீட்டு ஆளாக நினைப்பவை. துரத்திக்கொண்டு தூரம் போகாது. மந்தைக்கும் ஆபத்துக்கும் நடுவே நின்று குரைக்கும். பெரும்பாலும் ரத்தமே சிந்தாது. எந்த விலங்குக்கும் தீங்கில்லாத வழி என்று தேடினால் இதற்குக் கிட்டத்தில் வேறில்லை. ராத்திரி முழுக்கக் குரைக்கும் என்பதால், பக்கத்து வீடு நெருக்கமாக இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டகத்தின் பங்காளியான லாமா என்ற தென் அமெரிக்க விலங்கும் காக்கும். லாமா வைத்த பண்ணைகளிடம் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் விசாரித்ததில், மந்தையில் சுமார் 11 சதவீதமாக இருந்த ஆண்டு இழப்பு 1 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. காயடித்த ஓர் ஆண் லாமா போதும். இரண்டு வாங்கினால் அவை ஒன்றோடொன்று சிநேகமாகி ஆட்டை மறந்துவிடும்.

டெக்சாஸில் கழுதைதான் பிரபலம். நாய் இனத்தைக் கண்டாலே அதற்கு ஆகாது. காதை மடக்கி, கத்திக்கொண்டு நேராகப் பாயும். இங்கேயும் ஒற்றை விதிதான், ஒரு பெட்டை அல்லது காயடித்த ஆண். உங்கள் வீட்டு நாயையும் அது விட்டுவைக்காது. ஆட்டுத் தீவனத்தில் கவனம் வேண்டும். சில கலப்புத் தீவனங்களில் குடல் நோய்க்காகச் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து சரியான அளவில் ஆட்டுக்கு ஒன்றும் செய்யாது, கழுதைக்கு எமன். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் கொட்டாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் போன மாசி மாதம் சாம்பல் நிறப் பெட்டைக் கழுதை ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். "கயோட்டிக்காக இல்லை, பேத்தி கேட்டாள்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வேலியோரம் கூப்பிட்டு, தீவன மூட்டையின் சீட்டைக் கம்பிக்கு மேலாக நீட்டினார். "இதுல அந்த மருந்து இருக்கா பாரு, கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."